கூவக்கரையில் இரண்டு பேட்டைகள், ஒரு காலைத் தரிசனம்

சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை ஆதிகேசவப் பெருமாளையும் ஆதிபுரீஸ்வரரையும் சேவிக்கப் பறக்கும் ரயிலில் போவதே உத்தமம். உயரத்தில் இருக்கும் நடைமேடையிலிருந்து கூவம் தெரியும். பேட்டை ஏன் இங்கே அமைந்தது என்பதற்கு அந்த ஆறுதான் விடை.

1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், வணிகர் சுங்குராம செட்டியின் தோட்டத்தை எடுத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே நெசவாளர்களைக் குடியேற்றியது. ஏற்றுமதித் துணிக்குத் தறி மட்டும் போதாது. நெய்ததை அலசி வெளுத்துக் காயப்போட ஓடும் தண்ணீரும் வெட்டவெளியும் வேண்டும். யார் குடியேறலாம் என்ற அனுமதியிலேயே நூற்பவர், நெய்பவர், சாயக்காரர், வண்ணாரோடு கோயில் ஊழியத்துக்கான அந்தணரும் தேவரடியாரும் இருந்தார்கள். கோயில் இல்லாமல் நெசவாளர் குடிவர மாட்டார்கள் என்பது கம்பெனிக்கும் தெரிந்திருக்கிறது! பெருமாளும் சிவனும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். தறிச் சத்தம் போய் வெகுகாலமாயிற்று. இன்று பேட்டை என்றால் பலருக்கு மீன் மார்க்கெட்தான்.

காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்துவார்கள். தாமதமானால் ஒரு சந்நிதியோடு திரும்ப வேண்டியிருக்கும். ஞாயிறு வேண்டாம். மீன் வாங்கும் கூட்டத்தில் ஆட்டோ நகராது.

அடுத்து ஆற்றைத் தாண்டிப் புதுப்பேட்டைப் பக்கம், கோமளீஸ்வரன்பேட்டை கோமளீஸ்வரர். வண்டி உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே வழி கேட்டுத்தான் போக வேண்டும், காரைத் தவிருங்கள். வள்ளல் பச்சையப்ப முதலியார் (1754–1794) கூவத்தில் குளித்துவிட்டு இந்த ஈசனை வழிபட்டார் என்பார்கள். இப்போது காலை நனைக்கக்கூட முடியாது. சாக்கடை மட்டும் காரணமல்ல. கோடையில் நீர்வரத்து இல்லை. நேப்பியர் பாலத்துக்கு அப்பால் முகத்துவாரத்தைக் கடல் மணல் அடைத்துக்கொள்கிறது. கடல்நீர் ஏறி இறங்கி ஆற்றை அலச வழியில்லாமல் கழிவு அப்படியே தேங்குகிறது. மணல் மேட்டை வெட்டிவிட்டாலும் அலை மறுபடி மூடிவிடும். நாற்றம் தாங்காதவர்கள் நல்ல மழைக்குப் பிறகு வரலாம்.

அரை நாள் கையிலிருந்தால் இதே ஆற்றின் மேல்பக்கம் கூவம் கிராமத்துக்கும் போங்கள். சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அது. மூலவர் திரிபுராந்தகர் தீண்டாத் திருமேனி, அர்ச்சகர் கைபடாமல்தான் பூசை. அரக்கோணம் மின்ரயிலில் கடம்பத்தூரில் இறங்கிப் பேரம்பாக்கம் வழியில் போக வேண்டும். பஸ் அடிக்கடி கிடைக்காது. திரும்புவதற்கும் சேர்த்தே ஆட்டோ பேசிவிடுங்கள்.