பதகளிப்பும் ஆறெழுத்தும்

பீதித் தாக்கம் வந்த பலரைப் போலவே நானும் முதலில் ஓடியது இதய நோய் என்றெண்ணித்தான். நெஞ்சு அடைத்து, விரல் நுனிகள் விறைத்து, உயிர் போகப்போகிறது என்ற நிச்சயத்தோடு போனவரை, ஈசிஜியில் குறையொன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால் ஆறுதல் வருவதில்லை. அடுத்தது எப்போது என்ற பதற்றமே, பதகளிப்பே கூடவருகிறது.

உறவினர்கள் மந்திரிக்கும் கட்டாடியாரிடம் அழைத்துப்போய் நூல் கட்டுவித்தார்கள். மந்திரத்துக்குப் பேர்போன மட்டக்களப்பில் வேறென்ன செய்வார்கள்? கட்டிக்கொண்டதில் எனக்கு வெட்கமுமில்லை. ஆனால் பயம் வேலை செய்யும் விதத்தை விளங்கவைத்தவர் உளநல வைத்தியர்தான். இல்லாத ஆபத்துக்கு உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைவதால் தலை சுற்றி விரல்கள் விறைக்கின்றன. பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டுத் தானாகவே இறங்கிவிடுகிறது.

இதை அறிந்த பிறகே என் வழிபாடும் மாறியது. "முருகா, இதை எடுத்துவிடு" என்று மன்றாடும்போது, எடுத்தாயிற்றா என்று மனம் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்கப் படபடப்பு கூடும். அதனால் எதையும் கேட்காமல், மூச்சை நீளமாக விடும்போது 'சரவணபவ' என்ற முருகனின் ஆறெழுத்தை மெதுவாக உருப்போடத் தொடங்கினேன். செபமாலைச் செபத்தையும் மந்திரத்தையும் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைவதை, 2001இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான இத்தாலிய ஆய்வொன்று காட்டியிருக்கிறது. தாண்டவன்வெளித் தேவாலயத்தில் செபமாலை சொல்லும் என் சக ஆசிரியை அதைக் கேட்டு, இதற்கும் ஓர் ஆய்வா என்று சிரித்தார்.

கடினமாக இருந்தது மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகும் பயணம். குருமண்வெளித் துறையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறிவிட்டால் வாவி நடுவில் இறங்க வழியில்லை என்ற நினைப்பே போதும், திரும்பிவிடுவேன். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வேரூன்றும் என்று வைத்தியர் சொல்லியிருந்ததால், முதலில் துறையில் நின்று பார்த்தேன். பிறகு ஆட்கள் குறைந்த காலை வேளையில் மனைவியோடு ஏறினேன். படபடப்பு வந்தபோதும் இறங்கத் துடிக்காமல் ஆறெழுத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். ஆவணித் திருவிழா நெரிசலுக்குள் போகத் துணிந்தது அதன் பின்னரே. மண்டூரில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் எதுவும் ஓதாமல் பூசை செய்கிறார். சிறுவயது முதல் கண்ட காட்சிதான். ஆனாலும் சொல்லில்லாமல் அப்பன் முன் நிற்பதும் வழிபாடே என்பது, வேண்டுதலுக்குச் சொல் வராமல் தவித்த எனக்கு அன்றுதான் உறைத்தது.

நம்பிக்கை போதாததால்தான் இந்த வருத்தம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்வது நோயாளியின் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றிவிடுகிறது. வைத்தியர் தந்த குளிசை பலன் தரச் சில வாரங்கள் எடுத்தது. அந்த வாரங்களைத் தாண்டப் பிடிமானமாக இருந்தது வழிபாடு. யாரிடம் போவதென்று தெரியாதவர்கள் இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழைத்துப் பேசலாம்.

முருகன்தான் சுகப்படுத்திவிட்டாரே, இன்னும் குளிசை எதற்கு என்று மாமா இப்போதும் கேட்கிறார். அதை எப்போது, எப்படிக் குறைப்பதென்று வைத்தியர் தீர்மானிப்பார் மாமா என்பதே என் பதில்.