மூன்றாவது தடவை

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். படகுக்காரர்கள் ஐஸ் ஏற்ற வரும்வரை மிஷின் சத்தமும் நானும்தான். அந்த நேரத்தில் போனில் பேய்க்கதை படிப்பேன். வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று வீட்டில் கேட்பது நியாயம்தான்.

ரத்தக்காட்டேரி என்றால் எனக்குப் பயம் வர வேண்டும். காதலிக்கிற, அழகான காட்டேரியெல்லாம் ஆகாது. ஸ்டீபன் கிங் 1975-ல் எழுதிய ‘சேலம்ஸ் லாட்’ நாவல் மாதிரி இருக்கணும். சின்ன ஊர். செத்துப் புதைத்த பையன் ஒருவன், ராத்திரி தெரிந்த பையன் வீட்டு மாடி ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் நின்று, உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறான். உள்ளே இருப்பவர் கூப்பிடாமல் காட்டேரி வீட்டுக்குள் நுழைய முடியாது. 1897-ல் வந்த ‘டிராகுலா’விலேயே இந்தச் சட்டம் உண்டு.

எங்கள் அப்பத்தாவும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லும். ராத்திரி வாசலில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ‘என்ன’ என்று கேட்கக் கூடாது. பேய் மூன்றாவது தடவை கூப்பிடாது. கோரைப்பல்லைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்த குரலை என்ன செய்வது?

போன வாரம் அந்த ஜன்னல் கட்டத்தில் இருக்கும்போது ஷட்டருக்கு வெளியே என் பேர் கேட்டது. அசையவில்லை. மறுபடியும் கேட்டது. மூன்றாவது தடவை கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்தது. சரி, பேய் இல்லை, படகு டிரைவர்.

“அப்படி என்னத்தடா படிக்கிற?” என்றார். ஜன்னல் கதை அவரிடம் எடுபடவில்லை. அப்புறம் ‘டிராகுலா’வில் வரும் கப்பலைச் சொன்னேன். வர்னாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்புகிறது. ஒன்பது பேர், மண் நிரப்பிய 50 பெட்டிகள். நடுக்கடலில் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கடைசியில் கேப்டன் தன் கைகளைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு செத்துக்கிடக்க, கப்பல் விட்பி துறைமுகத்தில் வந்து கரையேறுகிறது.

“பெட்டியைத் தூக்கிக் கடல்ல போட வேண்டியதுதானே?”

“அதுக்குள்ளதான் காட்டேரி இருக்குன்னு யாருக்குண்ணே தெரியும்? ஆள் காணாமப் போகப்போக ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்படுறான். கடைசியில பெட்டியைத் திறக்கக் கீழ போனவன் அலறிக்கிட்டே மேல வந்து கடல்ல குதிச்சுட்டான்.”

டிரைவர் பேசவில்லை. அவர் படகில் ஐந்து பேர். உடைத்த ஐஸை வண்டியில் ஏற்றி முடிக்கும்வரை தூரத்தில் படகு கிடக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கூட வந்த பையனிடம், “ஐஸ் கொட்டுறதுக்கு முன்னாடி அடியில டார்ச் அடிச்சுப் பாருடா” என்றார்.

சிரிக்கவே இல்லை.