ராயின்

போன மாசி மாதம், மெல்பர்னில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நம் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் மூன்றே சொல் வந்து விழுந்தது: ‘ராயின், ஐயா போயிட்டார்.’ என் பெயர் ராயின் இல்லை. மற்ற பேட்ச்காரர்களுக்கு இந்தக் கதை தெரிய நியாயமில்லை. எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு மறக்க வழியில்லை. தமிழய்யாவைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு என் மானம் போன கதைக்கே போய்விடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1978. குழாயடிக் கியூவில் கை கழுவி, மூன்றாவது மணிக்குள் மாடிப்படி வளைவைத் தாண்டிவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியடு. ஐயா ஜன்னலோரம் நின்றுகொண்டு ‘படி’ என்பார். அவ்வளவுதான் பாடம். பொருள் சொல்லமாட்டார், நோட்ஸ் கொடுக்கமாட்டார். யாராவது எழுந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். வெளியே பல்லவன் பஸ் உறுமும், மேலே ஒற்றை மின்விசிறி கடகடக்கும். அதையும் மீறிக் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று விரலால் ஜன்னல் கம்பியில் தட்டுவார். ‘வாயப்பயம்’ என்று வாசித்தவன் ‘வாழைப்பழம்’ வரும்வரை நின்றபடியே இருப்பான். மயிலாப்பூர்ப் பையன்களில் பாதிப் பேர் அந்த வருஷம் நின்றுகொண்டே படித்தோம்.

என் முறை வந்த அன்று குறள். செய்யுள் பகுதியில் சீர் பிரித்துத்தான் அச்சிட்டிருப்பார்கள் இல்லையா? நான் கண்ணில் பட்டதை அப்படியே கடகடவென்று ஒப்பித்தேன்.

“யாகாவா. ராயினும் நாகாக்க.”

“நில்லு. ராயின்னா யாருப்பா?”

நான் புத்தகத்தைப் பார்த்தேன். புத்தகம் என்னைக் காப்பாற்றவில்லை.

“கேக்கறேன்ல. ராயினும் நாகாக்கணும்னு சொல்றியே, யாரு அந்த ராயின்?”

“ஒரு ராஜா, ஐயா.”

வகுப்பு வெடித்தது. ஐயா சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். “எந்த நாட்டுக்கு ராஜா?” என்று கேட்டார். சேர நாடு என்றேன். எதைக் காக்காவிட்டாலும் நாக்கைக் காத்துக்கொள் என்கிற குறளுக்கு நடுவில் நின்று என் நாக்கு எனக்குச் செய்த உபகாரம் இது. இன்றைக்கு ஒரு வாத்தியார் பையனை இப்படி நிற்கவைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். வரத்தான் வேண்டும் என்று என் மனசில் பாதி சொல்கிறது.

பிறகு ‘யா... காவார்... ஆயினும்’ என்று மூன்று தரம் சொல்லவைத்தார். மூன்றாவது தரம் சொல்லும்போது ராஜா கரைந்துபோய் அர்த்தம் வந்து நின்றது. யாரும் விளக்கவில்லை, என் காதுதான் பிரித்துக் கொடுத்தது. அன்றைக்குத்தான் ஐயா ஓலைச்சுவடி பற்றிப் பேசினார். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். உ.வே.சா. அப்படிப்பட்ட ஏடுகளோடு போராடித்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். “வாயில போட்டுப் பாத்தாத்தான் எங்க ஒடையுதுன்னு தெரியும். கண்ணு ஏமாத்தும்டா.”

சத்தமாகப் படித்த சொல் மனசில் கூடுதலாகத் தங்குகிறது என்று வாட்டர்லூ பல்கலைக்கழகத்து மக்லவுட் குழு 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறது. என் மகள் அதை அனுப்பி, “அப்பா, உங்க சார் சொன்னதுதானே இது?” என்றாள். எனக்குத் தங்கியது ராயின்தான்.

தண்டனை அதோடு முடியவில்லை. என் பெஞ்சில் ஒருவன் இருந்தான். இன்று மயிலாப்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். அவனுக்குத் திக்குவாய். படிக்க எழுந்தால் ‘ப’வில் மாட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க நிற்பான்; பின்னாலிருந்து நாங்கள் ‘ப்ப்ப்’ என்போம். நாங்கள் என்றால் நானும்தான். ஐயா என்னை அவன் பக்கத்தில் நிற்கவைத்து, “ரெண்டு பேரும் சேந்து படிங்க. ஒரே குரலாக் கேக்கணும்” என்றார்.

முதல் வரியிலேயே அவன் திக்கல் காணாமல்போனது. இரண்டு வாய், ஒரு மூச்சு. அந்தச் சாமர்த்தியம் என்னுடையது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். சேர்ந்து வாசிக்கும்போது திக்கல் வெகுவாகக் குறையும் என்பது பேச்சுப் பயிற்சி தருபவர்களுக்குப் பழைய செய்தியாம். ஐயாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டுவைக்கவில்லை. பள்ளி முடியும் மட்டும் அவனோடு சேர்ந்து படித்தேன். அவனுக்காகத்தான் நிதானித்தேன், மூச்சு எங்கே விடுவது என்பது அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது. முப்பது வருஷமாக இங்கே வெள்ளைக்காரர்கள் முன்னால் அலுவலக அறிக்கை வாசித்துச் சம்பளம் வாங்குகிறேன். இன்றைக்கும் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரைதான்.

2016-இல் ஊருக்குப் போனபோது சர்க்கரை ஐயாவின் கண்ணைக் கொண்டுபோயிருந்தது. தலைமாட்டில் புத்தகங்கள் அடுக்கியபடியே இருந்தன. கைக்குக் கிடைத்ததை எடுத்து ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். “ழகரம் இருக்கு. அவசரமும் இருக்கு” என்றார். கிளம்பும்போது, “அங்கேருந்து ஃபோன்ல படிச்சுக் காட்டுவியாப்பா? ஞாயித்துக்கிழமை மட்டும் போதும்” என்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டது அது ஒரு தரம்தான்.

மூன்று ஞாயிறு படித்தேன். அங்கே காலை ஏழு, இங்கே பதினொன்றரை. அக்டோபரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஐயாவின் ஏழு மணி எங்கள் சாப்பாட்டு வேளையில் வந்து விழுந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஏப்ரலில் கடிகாரம் பழைய இடத்துக்கு வந்தது. நான் வரவில்லை.

சேதி வந்த அன்று இரவு ஜெராக்ஸ்காரனைக் கூப்பிட்டேன். கடை திறப்பதற்கு முன்னால் தினமும் போய் ஐயாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். கடைசி வரைக்கும். எனக்கு இது தெரியாது.

“தனியாவா படிச்ச? திக்கலையா?” கேட்டிருக்கக் கூடாது.

“பேப்பர்தான் கொஞ்சம் இ...இழுக்கும். செய்யுள்னா ஐயாவுக்கு மனப்பாடம்தானே. கூடவே சொல்லுவாரு. சேந்துதான் படிப்போம்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே தொடர்ந்தான். “ஒரு நாள் அந்தக் குறள் வந்துச்சுடா. நடுவுல நிறுத்திட்டாரு. ராயின் ஃபோன் பண்றானான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“வா...வாராவாரம் எங்கிட்ட விசாரிக்கிறான், ஐயான்னு சொன்னேன்.”