கோலகுபு பாரு: மலை பாதி, ஊர் பாதி

சனிக்கிழமை விடிகாலையில் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் கோலகுபு பாரு கடைவீதிக்குப் போனால் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். பிரேசர் மலைக்குச் சைக்கிள் மிதிக்கக் கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம், முதுகுப்பையோடு புக்கிட் குத்து மலை ஏறப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். எல்லாரும் அவசரமாக ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக் என்று பசியாறிவிட்டு ஓடுகிறார்கள். மத்தியானம் இறங்கி வந்ததும் காரை நேராகக் கோலாலம்பூருக்குத் திருப்பிவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் என் நண்பர்களைக் கேட்டால், "மலைக்குப் போற வழியில பெட்ரோல் போடுற ஊருதானே அது?" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மலைக்கு அரை நாள் கொடுத்தால் ஊருக்கும் அரை நாள் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் மலை. புக்கிட் குத்துவின் உயரம் 1,053 மீட்டர். பாதை தொடங்குவது ஊரில் இல்லை. பிரேசர் மலைச் சாலையில் அணையைத் தாண்டிப் போனால் வரும் கம்போங் பெர்த்தாக்கில். தெமுவான் பூர்வகுடி மக்களின் கிராமம் அது. 2000களின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்று அணை கட்டியபோது பெர்த்தாக், கெராச்சி என்ற இரண்டு கிராமத்து மக்களையும் இடம் மாற்றினார்கள். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்காகப் பெயர்ந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அவர்கள் வாசலில் காரைக் கண்டபடி நிறுத்தாமல் இருந்தாலே பெரிய புண்ணியம்.

வனத்துறையின் பெர்மிட் வேண்டும். போகிற வாரத்தில் பாதை திறந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். 2022 டிசம்பரில் இதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில்தான் பத்தாங் காலி நிலச்சரிவு 31 பேரைக் கொண்டுபோனது. மழை வலுத்தால் பாதையை மூடுவதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏற்றத்தின் முதல் பகுதி சுலபம்: ஆறு, மூங்கில் புதர், அகலமான பழைய பாதை. அப்புறம்தான் மலை தன் வேலையைக் காட்டும். வழியில் பத்து தெடுங் என்று ஒரு பெரிய பாறை வரும். நாகம் படம் எடுத்த மாதிரி பாதைப் பக்கம் சாய்ந்து நிற்கும். நம் ஆட்கள் அதன் அடியில் உட்கார்ந்து இளைப்பாறும்போது கையெடுத்துக் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் கும்பிட்டேன், எதற்கு வம்பு? அதற்கு மேல் வேர்களைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏற வேண்டும். நிதானமாக நடக்கிறவருக்கு உச்சி வரை மூன்று மணி நேரம் ஆகும். அட்டைகள் உண்டு, நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சியில் இரண்டு ராட்சதப் பாறைகள். ஏணி வைத்திருக்கிறார்கள். மேலே நின்றால் தித்திவாங்சா மலைத்தொடர் அடுக்கடுக்காகத் தெரியும். எல்லாரும் படம் எடுத்துக்கொள்வது அங்கேதான். என்னை நெடுநேரம் நிற்க வைத்தது வேறு ஒன்று. காட்டுக்கு நடுவே ஒரு செங்கல் புகைபோக்கி தனியாக நிற்கிறது, கீழே கணப்படுப்போடு. 1890களில் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக, அதாவது அரசாங்க நிர்வாகியாக இருந்த வில்லியம் ட்ரீச்சர் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இங்கே ஓய்வு மாளிகை கட்டினார்கள். இந்த மலைக்கு ட்ரீச்சர் மலை என்றே ஒரு பெயர் இருந்தது. கூரை, சுவர் எல்லாம் போய், குளிர் காய்ந்த அடுப்பு மட்டும் மிச்சம். சமவெளியில் வியர்த்துக் கொட்டியவர்கள் குளிரைத் தேடி ஆயிரம் மீட்டர் ஏறி வந்து, ஏறியதும் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். அந்தச் செங்கல்லை முதுகில் சுமந்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ!

விடிந்ததும் ஏறத் தொடங்கினால் உச்சியில் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு இறங்கலாம். மத்தியானத்துக்கு மேல் இந்தப் பக்கம் இடியோடு மழை பிடிப்பது சகஜம். கீழே வெயில் அடித்தாலும் மேலே பெய்தால் ஆறு திடீரென்று பொங்கிவிடும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்று எச்சரிப்பது இதைத்தான். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ ஆற்றில் கால் வைக்காதீர்கள்.

மழை வரட்டும், ஊருக்குள் வந்துவிடலாம். நாங்கள் தொப்பலாக நனைந்துபோய் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். கல்லாவில் இருந்த அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, மொதல்ல அந்தக் காலப் பாருங்க, அட்ட ஒட்டிக்கிட்டிருக்கு. அப்புறமா சாப்பிடலாம்" என்று உப்பு டப்பாவை நீட்டினார். இலை போட்டு, கோழிப் பிரட்டல், ரசம். மலை இறங்கிய பசிக்கு அந்த ரசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கினேன்.

இப்போது நாம் பார்ப்பது இரண்டாவது ஊர். முதல் கோலகுபு ஆற்றங்கரையில், சற்றுத் தள்ளி இருந்தது. ஈயச் சுரங்கங்களுக்குப் பேர்போன இடம். 1883இல் அங்கே இருந்த பழைய அணை உடைந்து ஊரை அடித்துப்போனது. சிசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் இறந்தார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த வினை என்று ஒரு கதை இன்றும் சொல்கிறார்கள். முதலையை விடுங்கள். அதற்குப் பிறகும் ஊரை நிம்மதியாக இருக்கவிடாதது சுரங்க மண். மேலே தோண்டிக் கழுவிய மண்ணெல்லாம் ஆற்றில் இறங்கி, ஆற்றின் தரை மேடேறி, மழைக்கு மழை வெள்ளம். கடைசியில் 1920களில், மேடான இடத்தில் புது ஊர் போடத் தீர்மானித்தார்கள். பழைய ஊர் இருந்த பக்கத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்றுதான் பெயர்.

புது ஊரை வரைந்தவர் அரசாங்க நகரத் திட்டமிடுநர் சார்லஸ் ரீட். தோட்ட நகரம் என்ற யோசனையை இங்கே கொண்டுவந்தவர். கடைவீதி ஒரு பக்கம், அலுவலகங்களும் வீடுகளும் இன்னொரு பக்கம், நடுவில் பச்சைத் திடல். ஆசியாவிலேயே முதல் தோட்ட நகரம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். முதலோ மூன்றாவதோ, மழை விட்டதும் அந்தத் திடலைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். மணிக்கூண்டு, இரண்டு மாடிக் கடை வரிசைகள், பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். ஒரு மணி நேரம் போதும். சீன பேக்கரியில் காயா பஃப் (தேங்காய்ப்பால், முட்டை ஜாம் வைத்த பஃப்) சூடாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் சின்னம்மா சின்ன வயதில் இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தவர். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை 'குபு'வுக்கு வந்து துணி எடுப்பதுதான் அவருக்குத் திருவிழா. அப்போது சுற்றிலும் ரப்பர்; இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள், சிலருக்கு வீட்டுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2024 மே மாதம் இந்தத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலின்போது இந்தத் தோட்டத்து வீடுகளைப் பற்றித்தான் தமிழ் மேடைகளில் அப்படி முழங்கினார்கள். சாப்பாட்டுக் கடையில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இன்னும் சூடு ஆறவில்லை.

மலை ஏற முடியாதவர்கள் கூட வந்தால் அணைக்கட்டுக் காட்சிமேடை இருக்கிறது. பத்து நிமிடம் நின்றால் போதும். இளவட்டங்களுக்குச் சிலாங்கூர் ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி, புக்கிட் பத்து பகாட்டில் பாராகிளைடிங். பறக்கிற ஆசை எனக்கு இல்லாததால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கார் இல்லாதவர்கள் கேஎல் சென்ட்ரலில் தஞ்சோங் மாலிம் பக்கம் போகும் கொம்யூட்டர் ரயிலைப் பிடிக்கலாம். நிலையம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கைப்பேசியில் அழைக்கும் கிரேப் வாடகைக் கார் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும். பெர்த்தாக்குக்குப் போக வண்டியை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து. ரயில் அடிக்கடி இல்லை என்பதால் திரும்பும் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று பிரேசர் மலையையும் இதே நாளில் சேர்க்காதீர்கள். 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றது இந்தச் சாலையில்தான். அத்தனை வளைவு. மலையேறிக் களைத்த காலோடு இருட்டில் ஓட்டுகிற சாலை இல்லை அது. பிரேசர் மலைக்கு ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும், அதைத் தனியாக எழுதுகிறேன்.