அப்பா படுத்துத் தூங்கிய நாள்

2011-ல் அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பும் மனிதர், கடைசி மாதங்களில் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தார். படுத்தால் வலி கூடும்.

காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையில், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை கேட்டேன். "அது போதைப்பொருள் கணக்கில வரும்மா. லைசென்ஸுக்கு அலைய முடியாம நாங்க வைக்கிறதில்லை" என்றார் டாக்டர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை அவ்வளவு கடுமை. ஒரே மருந்துக்குப் பல லைசென்ஸ்கள் வாங்க வேண்டும். கணக்கில் பிசகினால் வழக்கு. கடத்தல்காரனுக்கு விரித்த வலையில் அப்பாவின் மாத்திரையும் மாட்டிக்கொண்டது.

கேரளம் இந்த விதிகளை முன்பே எளிதாக்கியிருந்தது. எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரத்தில் ஒரு வலி நிவாரண மையத்துக்குப் போனோம். நர்ஸ் மாத்திரைகளை இரண்டு முறை எண்ணி, பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கினார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்குத் தனி மருந்து. மூன்றாம் நாள் அப்பா கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். எழுந்ததும், "மக்ளே, இத்திரி கஞ்சி தா" என்றார்.

மார்ஃபின் எடுக்கும் அபினியைச் சட்டப்படி பயிரிடும் நாடு நம்முடையது. வலி தீர்க்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்று 1961-ன் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தமே சொல்கிறது. 2030-க்கான ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் மூன்றாவது, அத்தியாவசிய மருந்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையை வலுப்படுத்தவும் சொல்கிறது. போதைக் கொள்கையை மாற்றுங்கள் என்றால் கஞ்சாவை அவிழ்த்துவிடச் சொல்வதாக நினைக்கிறார்கள். நான் கேட்பது வலியில்லாமல் சாகும் உரிமையை. பழக்கத்தில் விழுந்த பையன் போலீஸுக்குப் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும் உரிமையையும்தான். போதைக்கு அடிமையானவர் சிறு அளவு வைத்திருந்து பிடிபட்டாலும், தானாகச் சிகிச்சைக்கு வந்து அதை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு, அதே 1985 சட்டத்தின் 64ஏ பிரிவில். எங்கள் ஊரில் எத்தனை அம்மாக்களுக்கு இது தெரியும்?

2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மார்ஃபினுக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் பல லைசென்ஸ் வேண்டாம். சரி, நல்லது. ஆனால் போன மாதம் அருமனையிலிருந்து ஒரு அக்கா தன் அம்மாவுக்காக இதே மாத்திரையைத் தேடி எனக்கு போன் செய்தார். நான் மறுபடியும் திருவனந்தபுரம் பஸ்ஸைத்தான் சொன்னேன். மார்த்தாண்டம், தக்கலை பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த அம்மாவால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது.