ஆறு மணிக்கு மேல லேப்

ஜூன் 11, புதன்

லேப் கதவுல புது நோட்டீஸ் ஒட்டிருக்காங்க. பெண் ஸ்காலர்ஸ் எல்லாரும் சாயந்தரம் ஆறு மணிக்குள்ள கெளம்பிரணுமாம், பாதுகாப்புக்காக. ராத்திரிக்கு ஒரு லைட்டு, ஒரு வாட்ச்மேன், ஒரு பஸ்ஸுன்னு யோசிச்சிருக்கலாம். பூட்டு போடுறதுதான் சுளுவா தோணிருக்கு.

நான் பண்ணுறது ஜிங்க் ஆக்சைடு நானோ துகள். காலைல வந்து கரைசல் கலக்கி, சொட்டு சொட்டா சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, பால் மாதிரி வெள்ளையானதும் டெஃப்லான் கப்புல ஊத்தி, ஸ்டீல் ஆட்டோகிளேவுக்குள்ள (குக்கர் மாதிரி இறுக்கி மூடுற கனத்த டப்பா) எறக்கி மூடிய முறுக்கி ஓவன்ல வைக்கும்போதே மணி பதினொண்ணு ஆயிரும். 180 டிகிரில 12 மணி நேரம் கெடக்கணும். அப்போ ஆஃப் பண்ண வேண்டியது ராத்திரி பதினொண்ணு. பசங்க இருந்து ஆஃப் பண்ணிட்டு அங்கனயே பாயை விரிச்சுப் படுத்துக்கிடுதானுவ. எனக்கு வள்ளியூர் போகணும், அதுவும் நடுவுல எங்கயும் நிக்காத எண்ட் டு எண்ட் பஸ்ல வள்ளியூர்னு சொன்னா ஏத்தவே மாட்டாங்க, அடுத்த வண்டிக்கு நின்னு வீடு சேர எட்டாயிரும்.

அவனுவளுக்கு வாரத்துல நாலு பேட்ச், எனக்கு ஒண்ணு. மூணு வருஷம் கழிச்சு யாரு எத்தன பேப்பர்னு எண்ணிப் பாத்துட்டு, பொம்பளப் பிள்ளைகளுக்கு ரிசர்ச்ல ஈடுபாடு கம்மின்னு சொல்லுவாங்க பாருங்க.

ஜூன் 14

எங்க எம்.எஸ்ஸி பிசிக்ஸ் கிளாஸ்ல முக்காவாசி பொம்பளப் பிள்ளைகதான். குவாண்டம்ல முதல் மார்க் எடுத்தவ இப்போ களக்காட்டுல டியூஷன் எடுக்கா. பி.எட் முடிச்சமா, வாத்தியார் வேலைக்கான டிஆர்பி பரீட்ச எழுதுனமா, வாத்திச்சி வேலைல உக்காந்தமான்னு இருக்கணும்னு ஆச்சில இருந்து சித்தி வரைக்கும் எல்லாருக்கும் ஒரே பாட்டு. தப்பில்ல, நல்ல வேலதான். ஆனா அவளா எடுத்த முடிவு இல்ல அது.

பிஎச்.டி இன்டர்வியூல எனக்கு முன்னால போன பையன்ட்ட நெட் தகுதித் தேர்வு ஸ்கோர் கேட்டாங்க. என்கிட்ட பிள்ளைய யாரு பாத்துப்பான்னு கேட்டாங்க. அத்தை பாத்துக்கிடுவாங்கன்னேன். எழுதிக்கிட்டாங்க வேற!

ஜூன் 22, ஞாயிறு

ஆனிக் காத்து பேயா அடிக்கு. கொடில காயப் போட்ட துணி பக்கத்து வீட்டு வேப்பமரத்துல தொங்குது. மாடில நின்னா பணகுடி பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடி வரிசையா சுத்துறது தெரியும். இங்கதான் நல்லா காத்து வரும்னு அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்னு மக கேட்டா.

அளந்து பாத்துதான் மக்கா. அப்படி நாடு முழுக்க காத்தையும் வெயிலையும் அளந்து கணக்கெடுத்ததுல முக்கியமான ஆளு அன்னா மாணி. 1918ல பீர்மேட்டுல பொறந்தவங்க, நம்ம மலைக்கு அந்தப் பக்கம். அவங்க வீட்டுல பொம்பளப் பிள்ளைக்கு எட்டு வயசானா வைரக் கம்மல் வாங்கிப் போடுவாங்களாம். இவங்க அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வேணும்னுட்டாங்க. பிறகு 1940ல பெங்களூர்ல சி.வி. ராமன் லேப்ல சேந்து எதுல வேலை பாத்தாங்கன்னா, வைரத்துல! 30 வைரத்துக்கு மேல ஸ்பெக்ட்ரம், அதாவது ஒளிய நிறம் நிறமாப் பிரிச்ச பதிவு, எடுத்திருக்காங்க. போட்டோ பிளேட்ல அது பதியவே 15, 20 மணி நேரம் ஆகும், அதனால ராத்திரி லேப்லயே தூங்கிருவாங்களாம். ஆணும் பெண்ணும் பேசிக்கிட்டாலே பிடிக்காத ராமன் லேப்ல, 1940கள்ல. நோட்டீஸ் ஒட்டுன புண்ணியவானுக்கு யாராவது இதச் சொல்லுங்களேன்.

தனியா பேர் போட்டு 5 பேப்பர். 1945ல தீசிஸ மெட்ராஸ் யுனிவர்சிட்டில குடுத்தா, எம்.எஸ்ஸி இல்ல, அதனால டாக்டர் பட்டம் இல்லன்னுட்டாங்க. அந்த தீசிஸ் ராமன் இன்ஸ்டிடியூட் லைப்ரரில மத்த தீசிஸ்களோட சேந்து இருக்கு. அவங்க லண்டன் போயி வானிலைக் கருவிகளப் பத்திக் கத்துக்கிட்டு வந்து, 1948ல புனேல வானிலைத் துறைல சேந்து, 1976ல டெபுடி டைரக்டர் ஜெனரலா ரிட்டயர் ஆனாங்க. காத்தாடிக்கான காத்துக் கணக்கெல்லாம் அதுக்குப் பிறகு.

பொம்பளைங்கிறதால எனக்கு எதுவும் தடைபடலன்னு பிற்காலத்துல சொல்லிருக்காங்க. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. அவங்க அளவுக்கு வைராக்கியம் உள்ளவங்க எப்படியும் தாண்டிருவாங்க, மத்தவங்க கதி? நடுவாந்தரமா படிக்கிற பையன் தாராளமா பிஎச்.டி முடிக்கான். நடுவாந்தரமான பிள்ளையும் முடிக்கணும்லா, அதானே நியாயம்.

ஜூன் 30

டைமர் வாங்கியாச்சு. எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்து ஓவன் லைன்ல மாட்டிக் குடுத்தாவ. ராத்திரி பதினொண்ணுக்குத் தானா ஆஃப் ஆயிரும், காலைல வந்து ஆறிப்போன ஆட்டோகிளேவத் தெறந்தா கப்புக்கு அடில வெள்ளப் பொடி படிஞ்சு கெடக்கு. வடிகட்டி, எத்தனால்ல கழுவி, காய வச்சாச்சு. கைடு வந்து பாத்துட்டு, இத ஏன் முன்னாடியே பண்ணலன்னு கேட்டார். நானும் அதத்தான் சார் கேக்கேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். இப்போ பசங்களும் டைமர் போட்டுட்டு வீட்டுக்குப் போறானுவ, பாய் சுருட்டி மூலைல நிக்கி.

பொடிய எக்ஸ்ரே விட்டு சோதிக்கிற எக்ஸ்ஆர்டிக்கு மட்டும் வழியில்ல. வெளியூர் மெஷின், கெடைக்கிற ஸ்லாட் எல்லாம் ராத்திரி.

ஜூலை 9

நேத்து நெல்லையப்பர் தேர். அத்தை, மாமா, மக எல்லாரோடயும் போயிட்டு ரதவீதில கால் வைக்க எடமில்லாம நசுங்கி வந்தோம். சித்தப்பா முறைல ஒருத்தர், பிசிக்ஸ்ல பொம்பளைங்க என்னத்தப் பெருசா பண்ணிருக்காங்கன்னு கேட்டார். நோபல்ல 1901ல இருந்து இதுவரைக்கும் 5 பேருதான் சித்தப்பான்னேன். பாத்தியா, அதான்னார். நான் விடல. அந்த அஞ்சு பேருல மரியா கோப்பர்ட் மேயர்னு ஒருத்தங்க, புருஷனுக்கு அதே யுனிவர்சிட்டில வேலை இருக்குன்னு இவங்களுக்குச் சம்பளமே இல்லாம வருஷக்கணக்குல வேலை வாங்கிருக்காங்க, முழுச் சம்பளப் புரொபசர் ஆனது 1960ல, நோபல் 1963ல. அதுக்கு உள்ளூர் பேப்பர்காரன் போட்ட தலைப்பு சான் டியாகோ அம்மாவுக்கு நோபல் பரிசுன்னு. அத்தை பட்டுன்னு கேட்டாங்க, சம்பளம் குடுக்காம எப்படிவே வேலை வாங்குனானுவன்னு. சித்தப்பா பஜ்ஜி வாங்கப் போயிட்டார்.

ஜூலை 17

ஜூனியர் ஒருத்திக்கு ஏழாம் மாசம். ஃபெலோஷிப் கெடையாது, சொந்தக் காசுல படிக்கா. ஆஃபீஸ்ல ஸ்காலருக்கெல்லாம் மெட்டர்னிட்டி லீவு இல்லம்மா, டிஸ்கன்டினியூ பண்ணிட்டு பிறகு சேந்துக்கோன்னு சொல்லிருக்காங்க. வந்து அழுதா.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி ரெகுலேஷன்லயே இருக்கு, பெண் ஸ்காலருக்கு மொத்த காலத்துல 240 நாள் வரைக்கும் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு லீவு குடுக்கலாம், முடிக்கிறதுக்கும் கூட 2 வருஷம் தளர்வு உண்டு. நெல்லை வண்ணாரப்பேட்டைல ஒரு கடைல பிரிண்ட் எடுத்து, அந்த ரெண்டு பாராவுக்கு மட்டும் மஞ்ச ஹைலைட்டர் அடிச்சு, அவ லெட்டரோட பின் பண்ணிக் குடுத்தோம். கிளார்க், இது எங்களுக்கு வரலியேம்மான்னார். இப்போ வந்துட்டுல்லா அண்ணாச்சின்னேன். "குடுக்கலாம்னுதான போட்டிருக்கு, குடுக்கணும்னு இல்லியே"ன்னு ஒரு பாயிண்ட் புடிச்சார். ஆளு கெட்டிக்காரர்தான். அப்போ முடியாதுன்னு எழுத்துல குடுங்கன்னோம். கொஞ்ச நேரம் பேப்பரையே பாத்துட்டு, லெட்டர் வந்து சேந்ததுக்கான இன்வர்ட் சீல் குத்தி நம்பர் போட்டுக் குடுத்தார். திங்கக்கிழமை வரச் சொல்லிருக்கார். நானும் கூடப் போறேன், அன்னைக்கு ஆட்டோகிளேவ் ரெஸ்ட் எடுக்கட்டும்.