இரும்பு முறத்துக்கு மாறிவிட்டேன்

பிளாஸ்டிக் குப்பை முறம் மறுபடியும் முன்பக்கம் பிளந்துவிட்டது. பட்டறையில் வெல்டிங் தீப்பொறி விழுந்த இடமெல்லாம் ஓட்டை வேறு. இந்த மாதிரி முறங்கள் செய்யும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பொறியின் சூடு அதைவிடப் பல மடங்கு.

இரும்பு முறம் வாங்குபவர்கள் அதைச் சமதளத்தில் வைத்து, குனிந்து முன்விளிம்பைப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். எத்தனை முறை கூட்டினாலும் கடைசியில் ஒரு கோடு தூசி வெளியே நின்றுவிடும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பக்க விளிம்புகள் மடித்திருக்கட்டும், இல்லையென்றால் கையைக் கிழிக்கும். அப்புறம், கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள். துத்தநாகம் பூசியது நல்லது: கீறல் விழுந்தாலும் துத்தநாகம்தான் முதலில் அரிபடும், இரும்பு தப்பிக்கும். ஈரக் குப்பை அதிகம் என்றால் எவர்சில்வர்.

நான் எடுத்தது துத்தநாகம் பூசியது. இன்று மரத்தூள் ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டது.